பணிசெயல் முறைமையின் வெளியீட்டைப் பிற்போடல்: பாரதூரமான வழுக்களும் சோதித்தலும்

க.பொ.த. (சாதாரண தர)ப் பரீட்சை
தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
தொடர்புடைய அலகுகள்: பணிசெயல் முறைமைகள், முறைமை விருத்தி வாழ்க்கை வட்டம்

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,
• வழுக்களை அவற்றின் பாரதூரத்திற்கு ஏற்ப வகைப்படுத்த முடியும்.
• வெளியீட்டைத் தடுக்கும் வழு எது, தடுக்காத வழு எது எனக் காரணத்துடன் கூற முடியும்.
• வெளியீட்டைப் பிற்போடுவதால் ஏற்படும் நன்மை தீமைகளை உண்மை உதாரணங்கள் மூலம் விளக்க முடியும்.
• மீள்சோதனை, உறைநிலை ஆகிய எண்ணக்கருக்களைப் பயன்படுத்தி விடையெழுத முடியும்.

1. அறிமுகம்

மாணவர்களே, கணினி வன்பொருளுக்கும் பயனருக்கும் இடையே நின்று, செயன்முறைகளையும் நினைவகத்தையும் கோப்புகளையும் சாதனங்களையும் முகாமை செய்யும் முறைமை மென்பொருளே பணிசெயல் முறைமை என்பதை முன்னரே கற்றுள்ளீர்கள். தேவைகளை இனங்காணல், வடிவமைத்தல், குறிமுறையாக்கல், சோதித்தலும் வழுநீக்கலும், நிறுவுதல், பராமரித்தல் என மென்பொருள் ஒன்று படிப்படியாக உருவாகிறது என்பதையும் அறிவீர்கள்.

இங்கே மாணவர் பலரிடம் ஒரு தவறான விளக்கம் காணப்படுகிறது. "சோதித்தற் கட்டம் முடிந்தால் மென்பொருளில் வழு இராது; அதன் பின்னரே அது வெளியிடப்படும்" என அவர்கள் எண்ணுகின்றனர். உண்மை நிலை அவ்வாறன்று. பல இலட்சம் வரிகள் கொண்ட பணிசெயல் முறைமை எதுவும் வழுவே இல்லாமல் வெளிவந்ததில்லை. வெளியீட்டுத் திகதி நெருங்கும் வேளையிலும் வழுப் பட்டியல் நீண்டதாகவே இருக்கும். அப்போது எழும் வினா இதுதான்: அறிவித்த திகதியில் வெளியிடுவதா, வழு திருத்தப்படும் வரை பிற்போடுவதா?

இவ்வினாவுக்குச் சரியாக விடை காணாவிடின் இழப்பு ஏற்படுவது செய்நிரலாளருக்கு மட்டுமன்று. தமது கணினியில் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த ஆவணங்களையும் புகைப்படங்களையும் ஒரே இரவில் இழந்த பயனர்கள் உண்டு. அந்நிகழ்வையும் இப்பாடத்தில் நோக்குவோம்.

2. பணிசெயல் முறைமையின் வழு ஏன் வேறுபட்டது?

பிரயோக மென்பொருள் ஒன்றில் வழு ஏற்பட்டால் பெரும்பாலும் அந்த மென்பொருள் மட்டுமே பாதிக்கப்படும். படம் வரையும் மென்பொருள் இயங்க மறுத்தால் நீங்கள் அதை மூடிவிட்டு வேறொரு வேலையைச் செய்யலாம். பணிசெயல் முறைமையின் வழு அவ்வாறன்று. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

(அ) எல்லா மென்பொருள்களும் அதன்மீதே தங்கியுள்ளன. கோப்பு முகாமையில் உள்ள ஒரு வழு, சொல்முறை வழிப்படுத்தலில் தயாரித்த கடிதத்தையும் விரிதாளையும் புகைப்படத்தையும் ஒருங்கே பாதிக்கும்.

(ஆ) திருத்தம் வந்து சேரும் வழியும் அதனுள்ளேயே உள்ளது. வெளியிட்ட பின்னர் இணையத்தினூடாக இற்றைப்படுத்தலை அனுப்பித் திருத்தலாம் என்பது உண்மையே. ஆயின் அந்த வழுவினாற் கணினி தொடங்கவே மறுத்தால், அல்லது வலையமைப்பு இணைப்பு இயங்காவிட்டால், இற்றைப்படுத்தல் எவ்வழியாக வந்து சேரும்?

(இ) சில இழப்புகளைத் திருத்தவே முடியாது. செய்நிரலில் உள்ள தவறான வரியை மாற்றலாம். அத்தவறான வரி அழித்துவிட்ட கோப்பை அத்திருத்தம் மீட்டுத் தராது.

இம்மூன்றாவது காரணத்தை நன்கு மனத்திற் பதித்துக் கொள்ளுங்கள். வழு ஒன்றின் பாரதூரத்தை அளவிடும்போது நாம் முதலிற் கேட்க வேண்டிய வினா, "இதை வெளியிட்ட பிறகும் திருத்திக்கொள்ள முடியுமா?" என்பதாகும். முடியும் எனின் வெளியிடலாம். முடியாது எனின் பிற்போட வேண்டும்.

3. எல்லா வழுக்களும் சமமல்ல

வழுக்களை எண்ணுவது எளிது, எடைபோடுவதே கடினம். ஆயிரம் எழுத்துப்பிழைகளைவிடக் கோப்பை அழிக்கும் ஒரு வழு ஆபத்தானது. எனவே விருத்தியாளர்கள் ஒவ்வொரு வழுவுக்கும் பாரதூர மட்டம் ஒன்றை வழங்குவர்.

இதற்குச் சிறந்த உதாரணம் டெபியன் எனும் பணிசெயல் முறைமையாகும். இது 1993 இல் இயன் மேர்டொக் என்பவரால் தொடங்கப்பட்டது. லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்டது. உலகெங்குமுள்ள தொண்டர்கள் இதை விருத்தி செய்கின்றனர். அங்கு அறிவிக்கப்படும் வழுக்கள் ஏழு மட்டங்களாக வகுக்கப்படுகின்றன. அவற்றைத் தமிழில் பின்வருமாறு குறிப்பிடலாம்.

1. நெருக்கடி வழு – முழு முறைமையையோ தொடர்பில்லாத பிற மென்பொருள்களையோ பழுதாக்குவது, பெருமளவு தரவு இழப்பை ஏற்படுத்துவது, அல்லது முறைமைக்கே பாதுகாப்புக் குறைபாட்டை உண்டாக்குவது.
2. தீவிர வழு – குறித்த மென்பொருட் பொதியைப் பயன்படுத்த முடியாதவாறு செய்வது, தரவு இழப்பை ஏற்படுத்துவது, அல்லது அதைப் பயன்படுத்துவோரின் கணக்கினுள் பிறர் நுழைய வழி திறப்பது.
3. கடும் வழு – டெபியனின் விதிமுறைகளைப் பெரிதும் மீறுவது, அல்லது அப்பொதி வெளியீட்டுக்குத் தகுதியற்றது எனப் பொறுப்பாளர்கள் கருதுவது.
4. முக்கிய வழு – பயன்பாட்டைப் பெரிதும் பாதிப்பது, எனினும் எல்லோருக்கும் முற்றாகப் பயனற்றதாக்காதது.
5. சாதாரண வழு – பொதுவான வழு.
6. சிறிய வழு – பயன்பாட்டைப் பாதிக்காத, எளிதில் திருத்தத்தக்க வழு.
7. விருப்பக் கோரிக்கை – உண்மையில் வழுவன்று. புதிய வசதி வேண்டும் என்ற கோரிக்கை.

முதல் மூன்று மட்டங்களும் வெளியீட்டைத் தடுக்கும் வழுக்கள் எனப்படும். ஏனைய நான்கும் பட்டியலில் இருந்தாலும் வெளியீடு நடைபெறலாம்.

வெளியீட்டைத் தடுக்கும் வழுவைப் பட்டியலிலிருந்து அகற்றுவதற்கு அதைத் திருத்துவது மட்டுமே வழியன்று. வழுவுள்ள பொதி இன்றியமையாததாக இல்லாவிடின், அதனை வெளியீட்டிலிருந்து நீக்கிவிடலாம். ஒரு விளையாட்டுச் செய்நிரலுக்காக முழு முறைமையும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயின் கரு, நிறுவல் மென்பொருள், கோப்பு முறைமை போன்றவற்றை நீக்க முடியாது. அவற்றைத் திருத்தியே ஆக வேண்டும்.

4. வெளியீட்டை நோக்கிய பயணம்

டெபியனில் புதிய பொதியொன்று மூன்று படிகளைக் கடக்கிறது.

முதற்படி: நிலையற்ற பதிப்பு. புதிய பொதிகள் முதலில் இங்கு வந்து சேரும். டெபியன் பதிப்புகளுக்கு "டோய் ஸ்ரோரி" திரைப்படப் பாத்திரங்களின் பெயர்கள் சூட்டப்படுகின்றன. நிலையற்ற பதிப்பின் பெயர் "சிட்". அத்திரைப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயரும் அதுவே.

இரண்டாம் படி: சோதனைப் பதிப்பு. நிலையற்ற பதிப்பில் குறித்த சில நாட்கள் இருந்து, வெளியீட்டைத் தடுக்கும் புதிய வழுவைக் கொண்டுவராத பொதியே இங்கு அனுமதிக்கப்படும்.

மூன்றாம் படி: நிலையான பதிப்பு. பொதுமக்களின் பயன்பாட்டுக்கென வெளியிடப்படுவது இதுவாகும்.

இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையில் உறைநிலை என்னும் காலப்பகுதி உண்டு. உறைநிலையின்போது புதிய வசதிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டு, வழுத் திருத்தங்கள் மட்டும் ஆராய்ந்து ஏற்கப்படும். திருத்தம் நல்லதுதானே, அதையும் ஏன் ஆராய வேண்டும் என நீங்கள் கேட்கலாம். ஒரு வழுவைத் திருத்த எழுதிய வரி வேறொரு வழுவைப் பிறப்பிக்கலாம் என்பதே காரணம். ஆகவே திருத்தத்தின் பின்னர், முன்பு சரியாக இயங்கிய பகுதிகள் இப்போதும் சரியாக இயங்குகின்றனவா எனப் பரிசோதிக்க வேண்டும். இது மீள்சோதனை எனப்படும். இதன் அவசியத்தை அடுத்து வரும் நிகழ்வுகளில் இருமுறை காண்பீர்கள்.

5. நான்கு உண்மை நிகழ்வுகள்

நிகழ்வு 1: ஆறு வாரம் பிற்போட்ட உபுண்டு (2006)

உபுண்டு பணிசெயல் முறைமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடப்படுவது. அதன் பதிப்பு இலக்கம் ஆண்டையும் மாதத்தையும் குறிக்கும். 2004 ஒக்டோபரில் வெளிவந்தது 4.10; 2005 ஏப்பிரலில் 5.04, 2005 ஒக்டோபரில் 5.10. இவ்வொழுங்கின்படி அடுத்தது 2006 ஏப்பிரலில் 6.04 ஆக வந்திருக்க வேண்டும்.

ஆனால் 6.04 என ஒரு பதிப்பு இல்லை. 2006 மார்ச்சில், உபுண்டுவின் நிறுவுநர் மார்க் சட்டில்வேர்த் வெளியீட்டை ஆறு வாரம் பிற்போட முன்மொழிந்தார். அது 2006 ஜூன் 1 ஆம் திகதி 6.06 என்ற இலக்கத்துடன் வெளிவந்தது. காரணம் என்ன? இப்பதிப்புக்கு மேசைக் கணினிகளில் 3 ஆண்டுகளும் சேவையகங்களில் 5 ஆண்டுகளும் பராமரிப்பு வழங்குவதாக முதன்முதலாக உறுதியளிக்கப்பட்டிருந்தது. நீண்ட காலம் பயன்படப் போகும் பதிப்பைக் கூடுதலாகச் சோதிக்கவும், மொழி வசதிகளைச் செம்மைப்படுத்தவும் அவகாசம் தேவைப்பட்டது.

அடுத்த பதிப்பு தாமதமின்றி 2006 ஒக்டோபரில் 6.10 ஆக வெளிவந்தது. ஒருமுறை பிற்போட்டமையால் முழு அட்டவணையும் குலைந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நிகழ்வு 2: பிற்போடாத விண்டோஸ் 10 (2018)

மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இன் ஒக்டோபர் இற்றைப்படுத்தலை 2018 ஒக்டோபர் 2 ஆம் திகதி வெளியிட்டது. சில நாட்களிலேயே பயனர் சிலர், தமது ஆவணங்களும் படங்களும் காணாமற்போய்விட்டன என முறையிட்டனர். நிறுவனம் வெளியீட்டை உடனே நிறுத்தியது. திருத்தப்பட்ட வெளியீடு நவெம்பர் 13 ஆம் திகதியே மீண்டும் வந்தது.

நடந்தது இதுதான். விண்டோஸில் "ஆவணங்கள்", "படங்கள்" போன்ற கோப்புறைகளைப் பயனர் விரும்பினால் வேறோர் இடத்துக்குத் திசைதிருப்பலாம். முந்திய இற்றைப்படுத்தலின் பின்னர், இவ்வாறு திசைதிருப்பியோரின் கணினிகளில் வெறுமையான இரட்டைக் கோப்புறைகள் தோன்றுவதாக முறைப்பாடு வந்தது. அதனைத் திருத்துவதற்காக, பழைய இடத்திலுள்ள கோப்புறையை அகற்றும் செய்நிரல் வரிகள் சேர்க்கப்பட்டன. ஆயின் சிலருடைய பழைய கோப்புறை வெறுமையாக இருக்கவில்லை. திசைதிருப்பும்போது இடம் மாற்றாமல் விட்ட கோப்புகள் அதில் இருந்தன. கோப்புறையுடன் அக்கோப்புகளும் அழிந்தன. சிறியதொரு தொல்லையைத் தீர்க்க வந்த திருத்தம் பெரியதோர் இழப்பை உண்டாக்கிற்று.

இதில் மேலும் இரு பாடங்கள் உள்ளன.

முதலாவது: வெளியீட்டுக்கு முன்னரே சோதனைப் பயனர் சிலர் இவ்விழப்பை அறிவித்திருந்தனர். ஆனால் அவ்வறிக்கைகள் எண்ணிக்கையிற் குறைவாக இருந்தமையால் கவனத்தைப் பெறவில்லை. இந்நிகழ்வின் பின்னர், முறைப்பாடு செய்பவர் அதன் பாரதூரத்தையும் குறிப்பிடும் வசதியை நிறுவனம் சேர்த்தது. எத்தனை பேர் முறையிட்டனர் என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எதைப் பற்றி முறையிட்டனர் என்பதையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: கோப்பிழப்பு பற்றிய அறிக்கைகள் நூற்றில் ஒரு வீதத்திலும் நூறில் ஒரு பங்கே, அதாவது 0.01% மட்டுமே என நிறுவனம் கூறியது. இது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஆனால் பத்து இலட்சம் கணினிகளுக்கு 0.01% என்பது 100 கணினிகள். பயனர் தொகை கூடக்கூட இவ்வெண்ணும் கூடும். முதலிற் தாமாகவே தேடிப் பெற்றுக்கொண்டோருக்கு மட்டுமே இற்றைப்படுத்தல் கிடைத்தது. எல்லோருக்கும் தன்னியக்கமாக அனுப்பத் தொடங்குமுன் அது நிறுத்தப்பட்டது. படிப்படியாக வெளியிடும் இம்முறை பாதிப்பு பரவாமற் காத்தது.

ஒக்டோபர் 2 முதல் நவெம்பர் 13 வரை எத்தனை நாட்கள் எனக் கணக்கிட்டுப் பாருங்கள். 42 நாட்கள், சரியாக ஆறு வாரம். உபுண்டு ஆறு வாரத்தை வெளியீட்டுக்கு முன்னர் செலவிட்டது. விண்டோஸ் 10 ஆறு வாரத்தை வெளியீட்டுக்குப் பின்னர் செலவிட்டது. காலம் ஒன்றே. ஆயின் முதலாவதில் பயனர் காத்திருந்தனர். இரண்டாவதில் பயனர் சிலர் கோப்புகளை இழந்தனர்.

நிகழ்வு 3: ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் காத்திருந்த டெபியன் (2002–2005)

அப்படியானால் எவ்வளவு காலமும் பிற்போடலாமா? அதுவும் சரியன்று. டெபியன் 3.0 வெளிவந்தது 2002 ஜூலை 19 இல். அடுத்த பதிப்பாகிய 3.1 வெளிவந்ததோ 2005 ஜூன் 6 இல். புதிய நிறுவல் மென்பொருளை உருவாக்குவதற்கும், பாதுகாப்புத் திருத்தங்களை வழங்குவதற்கான ஏற்பாடுகளைச் செய்வதற்கும் நீண்ட காலம் எடுத்தது. இவ்விடைக்காலத்தில் நிலையான பதிப்பைப் பயன்படுத்தியோரிடம் பழைய மென்பொருள்களே இருந்தன. புதிதாகச் சந்தைக்கு வந்த வன்பொருள்களில் அதனை நிறுவுவதும் கடினமாயிற்று. சிலர் சோதனைப் பதிப்பையே அன்றாட வேலைக்குப் பயன்படுத்தத் தொடங்கினர். பாதுகாப்புக்காகச் செய்த தாமதம் சிலரைப் பாதுகாப்புக் குறைந்த பாதைக்கே இட்டுச் சென்றது.

இதிலிருந்து டெபியன் கற்றுக்கொண்டது. வெளியீட்டுத் திகதியையன்றி உறைநிலைத் திகதியை முன்கூட்டியே தீர்மானிக்கும் கொள்கையை 2009 இல் அறிவித்தது. அதாவது புதியவற்றைச் சேர்ப்பது நிற்கும் நாள் முன்னரே தெரியும். வெளியீடு மட்டும் வழுக்கள் தீர்ந்த பின்னரே நிகழும். இதன் பின்னர் நிலையான பதிப்புகள் 2011, 2013, 2015, 2017, 2019, 2021, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்துள்ளன. திகதிக்காகத் தரத்தை விட்டுக்கொடுக்காமலே, ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வெளியிட முடிந்தது.

நிகழ்வு 4: ஒரே நாளில் எடுத்த முடிவு (2023)

டெபியன் 12.3 பதிப்பு 2023 டிசெம்பர் 9 ஆம் திகதி வெளிவர இருந்தது. அன்றே, அதில் அடங்கிய லினக்ஸ் கருவில் பாரதூரமான வழு ஒன்று உள்ளமை தெரியவந்தது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமையில் தரவுகள் பழுதடையக்கூடும் என்பதே அது. புதிய கருவில் செய்யப்பட்ட ஒரு திருத்தம் பழைய கருவுக்கும் கொண்டுவரப்பட்டிருந்தது. ஆயின் அத்திருத்தம் தங்கியிருந்த மற்றொரு மாற்றம் உடன் கொண்டுவரப்படவில்லை. இங்கும் வழு பிறந்தது ஒரு திருத்தத்திலிருந்தே.

நிறுவல் படிமங்களின் வெளியீடு உடனே நிறுத்தப்பட்டது. திருத்தப்பட்ட கருவுடன் மறுநாள், டிசெம்பர் 10 ஆம் திகதி, 12.4 என்னும் பதிப்பு வெளியிடப்பட்டது. 12.3 இன் இடத்தை அது எடுத்துக்கொண்டது. இறுதி நாளன்று நிறுத்துவது வெட்கத்துக்குரியதாகத் தோன்றலாம். எனினும் எத்தனையோ சேவையகங்களில் தரவுகள் பழுதடைவதைவிட ஓர் இலக்கத்தைத் தவறவிடுவது சிறிய விலையேயாகும்.

6. பிற்போடுவதன் நன்மை தீமைகள்

நன்மைகள்
• மீட்க முடியாத தரவு இழப்பும் பாதுகாப்புக் குறைபாடும் தவிர்க்கப்படும்.
• வழு பரவுமுன் ஓரிடத்திலேயே திருத்தப்படுவதால் பராமரிப்புச் செலவு குறையும்.
• பயனரின் நம்பிக்கை பேணப்படும்.
• மீள்சோதனைக்கும் ஆவணப்படுத்தலுக்கும் அவகாசம் கிடைக்கும்.

தீமைகள்
• புதிய வசதிகளும், முன்பு திருத்திய பிற வழுக்களின் தீர்வுகளும் பயனரைச் சேரத் தாமதமாகும்.
• புதிய வன்பொருள்களுக்கு ஆதரவு கிடைக்காது போகும்.
• விருத்திச் செலவு கூடும். இம்முறைமையை நம்பித் திட்டமிட்ட பிறரும் பாதிக்கப்படுவர்.
• தாமதம் நீளும்போது "இதையும் சேர்ப்போம்" எனப் புதிய வசதிகள் நுழைந்து, புதிய வழுக்களையும் கொண்டுவரும். உறைநிலை இதைத் தடுக்கவே உள்ளது.

எனவே "பிற்போடுவது எப்போதும் நல்லது" என்பதும் தவறு. "திகதி தவறக்கூடாது" என்பதும் தவறு. எந்த மட்டத்து வழு வெளியீட்டைத் தடுக்கும் என்ற விதியை, திகதி நெருங்கி நெருக்கடி ஏற்படும் முன்னரே எழுதி வைத்துக்கொள்வதே சரியான முறையாகும். விதி முன்னரே இருந்தால், இறுதி நாளன்று விவாதத்துக்கு இடமிராது. வழுவை விதியுடன் ஒப்பிட்டுப் பார்த்தாற் போதும்.

7. ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டியவை

• வழுவற்ற மென்பொருள் என்பது இலக்கு. பாரதூரமான வழுவற்ற மென்பொருள் என்பது வெளியீட்டு நிபந்தனை.
• எண்ணிக்கையைவிடப் பாரதூரமே முக்கியம்.
• தரவு இழப்பு, பாதுகாப்புக் குறைபாடு, கணினி தொடங்காமை ஆகியன வெளியீட்டைத் தடுக்கும்.
• ஒவ்வொரு திருத்தத்தின் பின்னரும் மீள்சோதனை அவசியம்.
• உறைநிலை = புதிய வசதி இல்லை, ஆராய்ந்த திருத்தம் மட்டும்.

8. பயிற்சி வினாக்கள்

பகுதி அ: பல்தேர்வு வினாக்கள்

1. பின்வருவனவற்றுள் பணிசெயல் முறைமையின் வெளியீட்டைத் தடுக்க வேண்டிய வழு எது?
(1) உதவிப் பக்கத்தில் எழுத்துப்பிழை
(2) கோப்பை இடம் மாற்றும்போது சில வேளைகளில் கோப்பு அழிதல்
(3) பின்னணிப் படத்தின் நிறம் மங்கலாகத் தோன்றுதல்
(4) புதிய விளையாட்டு வேண்டும் என்ற கோரிக்கை

2. ஒரு திருத்தத்தின் பின்னர், முன்பு சரியாக இயங்கிய பகுதிகளை மீண்டும் பரிசோதித்தல் எவ்வாறு அழைக்கப்படும்?
(1) ஏற்புச் சோதனை
(2) அலகுச் சோதனை
(3) மீள்சோதனை
(4) பீற்றாச் சோதனை

3. உறைநிலைக் காலத்தில் அனுமதிக்கப்படுவது எது?
(1) புதிய இடைமுகம் ஒன்றைச் சேர்த்தல்
(2) ஆராயப்பட்ட வழுத்திருத்தம்
(3) புதிய பிரயோக மென்பொருளைச் சேர்த்தல்
(4) தேவைகளை மீண்டும் இனங்காணல்

4. 50 இலட்சம் கணினிகளில் நிறுவப்பட்ட முறைமையொன்றின் வழு 0.01% கணினிகளைப் பாதிக்கிறது. பாதிக்கப்படும் கணினிகளின் எண்ணிக்கை
(1) 50
(2) 500
(3) 5 000
(4) 50 000

விடைகள்: 1 – (2), 2 – (3), 3 – (2), 4 – (2)

பகுதி ஆ: அமைப்புக் கட்டுரை வினா

மென்பொருள் நிறுவனமொன்று தனது புதிய பணிசெயல் முறைமையை இன்னும் ஐந்து நாட்களில் வெளியிட உள்ளது. வழுப் பட்டியலில் பின்வருவன உள்ளன.
P – கடிகாரத்தின் எழுத்துரு சிறிதாகத் தெரிகிறது. (420 முறைப்பாடுகள்)
Q – கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யாமலே பிறரின் கணக்கினுள் நுழைய முடிகிறது. (2 முறைப்பாடுகள்)
R – சதுரங்க விளையாட்டுச் செய்நிரல் தொடங்கியவுடன் மூடிவிடுகிறது. (35 முறைப்பாடுகள்)
S – குறித்த ஒருவகை வன்தட்டு உள்ள கணினிகள் நிறுவலின் பின்னர் தொடங்குவதில்லை. (6 முறைப்பாடுகள்)

(i) வெளியீட்டைத் தடுக்கும் வழுக்கள் எவை? காரணம் தருக. (4 புள்ளிகள்)
(ii) R ஐத் திருத்தாமலே வெளியீட்டுக்கு வழிவகுக்கத்தக்க முறை ஒன்றைக் கூறுக. (2 புள்ளிகள்)
(iii) P க்கே அதிக முறைப்பாடுகள் உள்ளன. ஆதலால் அதனையே முதலில் திருத்த வேண்டும் என முகாமையாளர் கூறுகிறார். நீர் உடன்படுகிறீரா? விளக்குக. (2 புள்ளிகள்)
(iv) Q ஐத் திருத்திய பின்னர் வெளியிடுமுன் செய்ய வேண்டிய சோதனை எது? ஏன்? (2 புள்ளிகள்)

மாதிரி விடை

(i) Q, S ஆகியன. Q பாதுகாப்புக் குறைபாடு ஆகும். வெளியிட்ட பின்னர் பிறர் தரவுகளைத் திருடினால் அவ்விழப்பை மீட்க முடியாது. S இனால் கணினி தொடங்காது. ஆகவே பின்னர் இற்றைப்படுத்தல் அனுப்பினாலும் அக்கணினிகளைச் சென்றடையாது.
(ii) சதுரங்கச் செய்நிரல் இன்றியமையாததன்று. ஆகவே அதனை இவ்வெளியீட்டிலிருந்து நீக்கிவிட்டுத் திருத்திய பின்னர் தனியாக வழங்கலாம்.
(iii) உடன்படவில்லை. முறைப்பாடுகளின் எண்ணிக்கை பாரதூரத்தைக் காட்டாது. எழுத்துரு சிறிதாக இருத்தல் எவருக்கும் தரவு இழப்பை ஏற்படுத்தாது. பின்னர் இற்றைப்படுத்தல் மூலம் திருத்தலாம்.
(iv) மீள்சோதனை. திருத்தத்துக்கெனச் சேர்த்த வரிகள், முன்பு சரியாக இயங்கிய பகுதிகளிற் புதிய வழுவை ஏற்படுத்தியிருக்கலாம்.

பகுதி இ: சிந்திக்க

பெடோரா 37 என்னும் பணிசெயல் முறைமை 2022 ஒக்டோபர் இறுதியில் வெளியீட்டுக்கு அண்மித்திருந்தது. அப்போது, அதில் அடங்கிய ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் பாதுகாப்பு மென்பொருளில் மிக உயர்ந்த மட்டத்திலான குறைபாடு உள்ளதாகவும், அதன் விபரமும் திருத்தமும் நவெம்பர் 1 ஆம் திகதி வெளிவரும் எனவும் முன்னறிவித்தல் வந்தது. பெடோரா குழுவினர் வெளியீட்டைப் பிற்போட்டு, நவெம்பர் 15 இல் வெளியிட்டனர். ஆனால் நவெம்பர் 1 இல் விபரம் வெளிவந்தபோது, அக்குறைபாட்டின் மட்டம் ஒரு படி குறைக்கப்பட்டிருந்தது. பிற்போட்ட முடிவு தவறானதா?

விடைக் குறிப்பு: முடிவு எடுக்கும் வேளையில் கையிலிருந்த தகவலைக் கொண்டே அம்முடிவை மதிப்பிட வேண்டும். குறைபாட்டின் மட்டம் மிக உயர்ந்தது என அறிவிக்கப்பட்டிருந்தது, விபரம் தெரியவில்லை, திருத்தம் வரும் நாள் மட்டும் தெரிந்திருந்தது. காத்திருப்பதன் விலை சில வாரங்கள். காத்திராவிடின் நேரக்கூடிய இழப்பின் அளவோ தெரியாது. இவ்விரண்டையும் ஒப்பிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள். எந்தப் பக்கம் நின்று எழுதினாலும், காரணத்தைத் தெளிவாகக் காட்டும் விடையே நிறைவான விடையாகும்.